வெள்ளி 'நெகிழி' ஆகுமா? கொலுசுப் பட்டறைக் கையேட்டுக்கு ஒரு சொல்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காகக் கையேடு எழுதுவதாகச் சொல்லி, "வெள்ளி நெகிழித் தன்மை உடையது" என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. நெகிழி என்றால் இன்று எல்லோருக்கும் பிளாஸ்டிக் பைதான் நினைவுக்கு வரும்.

அடித்தால் உடையாமல் விரிந்து தகடாவது 'தகடாகும் தன்மை'. இழுத்தால் அறாமல் நீள்வது 'கம்பியாகும் தன்மை'. இரண்டும் ஒன்றல்ல; ஈயத்தை அடித்துத் தட்டையாக்கலாம், மெல்லிய கம்பியாக இழுத்தால் அறுந்துவிடும். வெள்ளிக்கு இரண்டுமே உண்டு. பட்டறையில் பார்த்திருப்பீர்களே, துளைகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் இரும்புத் தகட்டில் கம்பியை நுழைத்து இழுப்பார்கள். நாலைந்து துளை தாண்டியதும் கம்பி விறைத்துக்கொள்ளும். அப்படியே இழுத்தால் பட்டென்று அறும். அதனால் நெருப்பில் காட்டி இளக்கிவிட்டுத்தான் அடுத்த துளைக்குப் போவார்கள். 'இளக்குவது' என்ற சொல்லையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள், அழகான சொல்.

'குழைவு' மண்ணுக்கும் மாவுக்கும் பொருந்தும், வெள்ளிக்கு ஒட்டாது. (ஆளைப் பற்றி 'குழைகிறார்' என்றால் அர்த்தமே வேறு!) 'மீள்தன்மை'யும் இங்கே தப்பு. அது ரப்பர் மாதிரி பழைய வடிவத்துக்கே திரும்புவது. கொலுசுக் கம்பி அப்படித் திரும்பினால் வளையம் எப்படி நிற்கும்?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "வெள்ளியை எளிதில் தகடாக அடிக்கலாம், கம்பியாக இழுக்கலாம்." கலைச்சொல் கட்டாயம் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு முறை போடுங்கள், போதும்.