டிராவலரை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றுவது எப்படி? – கேள்வி பதில்

மார்க் மில்லர் உருவாக்கி 1977-இல் வெளிவந்த விண்வெளி ரோல்பிளேயிங் (ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும்) விளையாட்டு டிராவலர். அதை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளில் ஆடுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: பழைய விதிகளே நன்றாகத்தானே இருக்கின்றன? எதற்கு மாற்ற வேண்டும்?

உங்கள் குழு ஒத்துக்கொண்டால் மாற்றவே வேண்டாம். இரண்டு ஆறுமுகப் பகடை, பெரும்பாலும் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. இதைவிட எளிமை வேண்டுமா? ஆனால் பல குழுக்களுக்கு ஐந்தாம் பதிப்பு தலைகீழ்ப் பாடம். புதிதாக ஒரு விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னால் அடுத்த வாரம் ஆளே வராது. அப்படிப்பட்ட குழுக்களுக்குத்தான் இந்த வேலை.

கேள்வி: அண்ணா, ஸ்கில் எண்களை அப்படியே எடுத்துப் போடலாமா? பைலட் 2 என்றால் ஐந்தாம் பதிப்பின் இருபதுமுகப் பகடையான டி20-இலும் +2 தானே?

இல்லை தம்பி, அப்படிப் போட்டால் பைலட் பாடு திண்டாட்டம். கணக்கைப் பாருங்கள். இரண்டு பகடையில் 8-க்குக் குறையாமல் விழ 36-க்கு 15 வாய்ப்பு, அதாவது ஏறத்தாழ 42 சதவீதம். ஸ்கில் 1 இருந்தால் 58, 2 இருந்தால் 72, 3 இருந்தால் 83, 4 இருந்தால் 92. முதல் புள்ளியில் ஏற்றம் அதிகம், போகப் போகக் குறையும். டி20-இல் எந்தப் புள்ளிக்கும் 5 சதவீதம்தான் ஏறும்.

அதனால் இலக்கு எண்ணை 13 என்று வையுங்கள். ஸ்கில் 1-க்கு +3, 2-க்கு +6, 3-க்கு +8, 4-க்கு +10. வாய்ப்புகள் 55, 70, 80, 90 என்று வரும். மூலத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் இதற்கு மேல் மாடிஃபையரையும் (குணங்களால் வரும் கூட்டல்) கூட்டாதீர்கள், எல்லாரும் எல்லாவற்றிலும் ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள்.

இந்த அட்டவணையே தலைவலி என்றால் ஸ்கில் 1, 2 இருப்பவருக்கு ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டல்), 3-உம் அதற்கு மேலும் இருந்தால் எக்ஸ்பர்டீஸ் (அதே கூட்டல் இரட்டிப்பாக). மாடிஃபையரை வழக்கம்போலக் கூட்டிக்கொள்ளுங்கள். துல்லியம் போகும், பரவாயில்லை.

கேள்வி: இரண்டிலும் ஆறு குணங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று பொருத்திவிட்டேன். சரிதானே?

நான்கு சரி, இரண்டு தப்பு. பலம், சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு நான்கும் பொருந்தும். டிராவலரின் கடைசி இரண்டு கல்வியும் சமூக அந்தஸ்தும். கல்வியைத் தனி எண்ணாக வைக்காமல் கூடுதல் ப்ரொஃபிஷியன்சிகளாகக் கொடுத்துவிடலாம். அந்தஸ்தைத்தான் பலர் கரிஸ்மாவில் (ஆளைக் கவரும் தன்மை) கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். டிராவலரில் அந்தஸ்து 12 என்றால் அவர் ஒரு பாரன், அதாவது பட்டம் பெற்ற பிரபு. அந்தப் பிரபுவுக்கு நாலு வார்த்தை ஒழுங்காகப் பேச வராமல் இருக்கலாம், ஆனாலும் கதவு திறக்கும். அந்த வேடிக்கையை இழக்கக் கூடாது. ஏழாவது குணமாக அந்தஸ்தைச் சேர்த்துவிடுங்கள். 2014-இன் டன்ஜன் மாஸ்டர் கையேடே கௌரவம், மனநிலை என்று கூடுதல் குணங்களை விருப்ப விதியாகத் தருகிறது. எனவே இது விதிமீறல் ஒன்றும் இல்லை.

கேள்வி: ஹிட் பாயிண்ட் விஷயத்தில் என்ன செய்வது? எங்கள் ஆட்டத்தில் யாரும் துப்பாக்கிக்குப் பயப்படுவதே இல்லை.

மாற்றத்தில் சிக்கலே இங்கேதான். டிராவலரில் தனியாக ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் புள்ளி) கிடையாது. அடி நேரடியாகப் பலம், சுறுசுறுப்பு, தாங்குதிறன் மூன்றிலிருந்தும் கழியும். சராசரி ஆளுக்கு ஒவ்வொன்றும் 7, ஆக மொத்தம் 21. ரைஃபிள் குண்டுக்கு 3 பகடை, சராசரி 10.5. ஒரு குணம் பூஜ்ஜியமானாலே மயக்கம், மூன்றும் போனால் ஆள் காலி. அதாவது ஒரு குண்டில் விழுவான், இரண்டாவதில் பிழைப்பது சந்தேகம்.

ஐந்தாம் பதிப்பில் ஐந்தாம் லெவல் (வளர்ச்சிப் படி) ஃபைட்டர், கான்ஸ்டிடியூஷன் (தாங்குதிறன்) 14 என்றால் 44 ஹிட் பாயிண்ட். கையேட்டில் உள்ள வேட்டை ரைஃபிளின் சராசரி 11. மூன்று குண்டு வாங்கிக்கொண்டு நிற்பான். கதவைத் திறந்ததும் இரண்டு காவலர்கள் ரைஃபிளை நீட்டினால், பழைய ஆட்டத்தில் எல்லாரும் கையைத் தூக்கிவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். மாற்றிய ஆட்டத்தில் சண்டையில் யார் முதலில் என்று இனிஷியேட்டிவ் உருட்டுவார்கள். பெயர்தான் டிராவலர், விளையாட்டு வேறு.

என் ஏற்பாடு இது: ஹிட் பாயிண்ட் என்பது கான்ஸ்டிடியூஷன் எண்ணுடன் லெவலைக் கூட்டியது, அவ்வளவுதான். கான்ஸ்டிடியூஷன் 14, மூன்றாம் லெவல் என்றால் 17. ஆயுதங்களின் சேதத்தைத் தொட வேண்டாம். நீண்ட ஓய்வு எடுத்தால் முழுவதும் குணமாகாது, ஒரே ஒரு ஹிட் டை (உருட்டி ஹிட் பாயிண்ட் மீட்கும் பகடை) மட்டும் திரும்பும். டெத் சேவ் (ஹிட் பாயிண்ட் தீர்ந்ததும் பிழைக்க உருட்டுவது) இருக்கட்டும், அதையும் எடுத்தால் ஆட்டக்காரர்கள் உங்களை விடமாட்டார்கள்.

கேள்வி: லெவல்?

பழைய டிராவலரில் லெவலே இல்லை. மூன்றில் தொடங்கி ஐந்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு பணம், தொடர்புகள், கருவிகள்தான் வளர்ச்சி.

கேள்வி: கேரக்டர் உருவாக்கும்போதே செத்துப்போவார்களாமே, உண்மையா? அதையும் கொண்டுவர வேண்டுமா?

உண்மைதான். 18 வயதில் கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல் என்று ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணி செய்வீர்கள். ஒவ்வொரு தவணைக்கும் உயிர் பிழைக்க ஒரு உருட்டல். 1977 விதியில் தவறினால் மரணம், புதுத் தாள் எடுக்க வேண்டியதுதான். 34 வயதிலிருந்து முதுமையும் குணங்களைத் தின்னத் தொடங்கும்.

இதில் சுவாரசியம் சாவு அல்ல, பேராசை. ‘இன்னும் ஒரு தவணை இருந்தால் ஒரு ஸ்கில் கூடுமே’ என்று ஆட்டக்காரர் தயங்குகிறாரே, அதுதான். மரணத்துக்குப் பதிலாக வடு, எதிரி, கடன் என்று ஏதாவது கொடுத்துப் பணியிலிருந்து வெளியேற்றுங்கள். ஆனால் உருட்டலை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிளாஸை (ஃபைட்டர் போன்ற பாத்திர வகை) கடைசியில், கிடைத்த ஸ்கில்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: மந்திரவாதி கிளாஸ் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடிக்கிறார்.

கொடுக்காதீர்கள். சையானிக் (மனோசக்தி) ஆற்றல் டிராவலரில் உண்டு, ஆனால் அதன் கதையுலகமான மூன்றாம் பேரரசில் அதை வெறுக்கிறார்கள். ஒரு ஃபீட்டாக (தனிச் சிறப்புத் திறமை) கொடுத்து, மறைத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: கப்பல் கடன், சரக்கு, எரிபொருள் எல்லாம் கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறது. தூக்கிவிடலாமா?

ஐயோ, வேண்டாம். மற்ற எதை வேண்டுமானாலும் தூக்குங்கள்.

200 டன் ஃப்ரீ டிரேடர் கப்பலின் விலை 3,70,80,000 கிரெடிட். மாதத் தவணை அதில் 240-இல் ஒரு பங்கு, அதாவது 1,54,500. நாற்பது ஆண்டு கட்ட வேண்டும். சரக்கு அறை 82 டன், டன்னுக்கு 1,000 வாடகை. ஒரு ஜம்ப்புக்கு (விண்மீன் விட்டு விண்மீன் தாவுவது) ஒரு வாரம், கரையில் ஒரு வாரம், ஆக மாதம் இரண்டு நடை. அறை நிரம்பி வழிந்தாலும் 1,64,000 தான் வரும். தவணை போக மிச்சம் 9,500. இரண்டு ஜம்ப்புக்கு 40 டன் சுத்திகரித்த எரிபொருள் போட்டால் 20,000. மாலுமிகளுக்குச் சம்பளம் இன்னும் கொடுக்கவில்லை!

பயணிகளை ஏற்ற வேண்டும், வாயுக் கோளில் இறங்கி இலவசமாக எரிபொருள் அள்ள வேண்டும், அதுவும் போதாதபோது ‘இந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்’ என்று ஒருவர் வந்து நிற்பார். சாகசம் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஐந்தாம் பதிப்பில் இதற்கு ஒரு விதியும் தேவையில்லை. வரவு செலவுத் தாள் ஒன்றை மேசை நடுவில் வையுங்கள், போதும்.

கேள்வி: ஏற்கெனவே யாரும் செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள். 1998-இல் கர்ப்ஸ் என்ற வேறொரு விதித்தொகுப்பில் கர்ப்ஸ் டிராவலர் வந்தது. 2002-இல் அன்றைய டி20 விதிகளில் டி20 டிராவலர் வந்தது, அதில் ஸ்டாமினா (தெம்பு) தனி, லைஃப்பிளட் (உயிர்) தனி என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். என் ஹிட் பாயிண்ட் ஏற்பாட்டைவிட நுணுக்கமானது, ஆனால் ஆட்டம் வேகம் குறையும். கிடைத்தால் வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: நான் எழுதிய மாற்றத்தை விற்கலாமா?

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ அதன் பதிப்பாளர்கள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், உரியவர் பெயரைக் குறிப்பிட்டால் அதைப் பயன்படுத்தலாம். வேட்டை ரைஃபிள் போன்றவை அதில் இல்லை, கையேட்டிலிருந்து எடுத்து எழுதாதீர்கள். டிராவலரின் பெயரும் மூன்றாம் பேரரசும் வேறொருவர் சொத்து, அவற்றுக்குத் தனியாக அனுமதி வேண்டும். உங்கள் குழுவோடு மட்டும் ஆடுவதானால் இந்தக் கவலையே இல்லை.