பனிக்காலத்தில் மூன்று நாய்களுடன் நீண்ட மலைநடை செல்லலாமா?

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், டிசம்பரில், மூன்று நாய்களுடன் நாள் முழுவதும் நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கலாம். ஆனால் மூன்றில் வலிமை குறைந்த நாயைக் கொண்டே தூரத்தை முடிவு செய்ய வேண்டும். பாதி வழியில் அது படுத்துவிட்டால், அதைச் சுமந்துகொண்டு மற்ற இரண்டையும் பிடித்தபடி பனியில் திரும்புவது ஒருவரால் ஆகிற காரியமன்று. அங்கே நாய்களை எப்போதும் வாரில் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. எல்க் மானைக் கண்டு மூன்றும் ஒருசேர இழுத்தால் வழுக்குப் பனியில் கால் நிற்காது என்பதால், துணைக்கு இன்னொருவர் வருவதே நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானவை பாதங்கள். விரலிடுக்கு முடியில் ஒட்டும் ஈரப்பனி கோலிக்குண்டு அளவுக்கு உருண்டு இறுகிவிடும். நாய் அடிக்கடி நின்று பாதத்தைக் கடித்தால் அதுதான் காரணம். அதைப் பிய்த்து இழுக்காமல், உள்ளங்கைச் சூட்டில் இளக்கி எடுங்கள். புறப்படுமுன் அந்த முடியைக் கத்தரித்து, பாத மெழுகு பூசுவது பெருமளவு காக்கும்.

பனியைத் தின்பதால் தாகம் தீராது, உடற்சூடுதான் குறையும். ஆகவே பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீர் கொண்டுசெல்லுங்கள். உணவைத் தள்ளித் தள்ளி வைத்துக் கொடுங்கள், பசி வந்தால் ஒன்றோடொன்று பழகிய நாய்களும் சண்டையிடும். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று சோர்ந்து தள்ளாடினால், அது தேறிவிட்டதாக எண்ணாமல், உலர்ந்த போர்வையில் சுற்றி உடனே திரும்பிவிடுங்கள். டிசம்பரில் அங்கே பகல் சுமார் 8 மணி நேரமே என்பதால், இருட்டுமுன் திரும்பும்படி தூரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.