கடிதம் எழுதவா நாலு வருடம் படித்தான்?

அம்மா, உங்கள் மகன் கிளிநொச்சி அறிவியல்நகரில், யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் சிவில் பொறியியல் முடித்துவிட்டு, வீதி வேலையொன்றை மேற்பார்வை செய்யும் ஆலோசனை நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவுக்குப் போக யோசிக்கிறான். சைற் வேலை இல்லையே என்பது உங்கள் கவலை. போகட்டும். ஆனால் அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

அங்கே இரண்டு ஒப்பந்தங்கள் ஓடும். வீதி போடும் கொந்தராத்துக்காரருடையது ஒன்று, மேற்பார்க்கும் ஆலோசகருடையது மற்றது. முதலாவதில் ஆறு மாதம் கூடினால் இரண்டாவது தானாகக் கூடிவிடாது. புதிதாக வரும் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்.

24 மாத மேற்பார்வை, 6 பேர் என்று வைப்போம்: 144 ஆள்-மாதம் (ஒருவரின் ஒரு மாத வேலை ஓர் ஆள்-மாதம்). உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கிப் பணத்தில் நடக்கும் நேர அடிப்படை ஒப்பந்தங்களில் (வேலை செய்த காலத்துக்குப் பணம் கொடுப்பவை), செலவு ஒப்பந்தத்தின் உச்சத் தொகையின் 80 வீதத்தைத் தொட்டதும் ஆலோசகர் வேலை கொடுத்தவருக்கு அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்று எடுத்தால், 20ஆவது மாதம் தொடங்கியவுடனேயே அந்தக் கோடு தாண்டிவிடும். வீதி அப்போது 60 வீதம்தான் முடிந்திருந்தால், மிச்சமுள்ள ஐந்து மாதத்துக்கும் குறைவான ஆள்பலம் போதாது. அன்றைக்கே கடிதம் போக வேண்டும்: யார், எத்தனை மாதம், எந்தக் கட்டணத்தில், ஏன். 24ஆவது மாதம் முடிந்த பிறகு "பார்த்துச் செய்வோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி வேலை செய்தால், திருத்த ஒப்பந்தம் கையெழுத்தாகாத அந்த நாட்களுக்கான கட்டணப் பட்டியலைக் கணக்காய்வு தூக்கிப் போடும். திட்டத்துக்கு வங்கி கொடுத்த கடனின் முடிவுத் திகதியையும் பார்க்க வேண்டும். அதைத் தாண்டிய நீட்டிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்? முழு வேலைக்கும் ஒரே தொகை பேசும் மொத்தத் தொகை ஒப்பந்தமென்றால் இன்னும் சிக்கல்: நாள் கூடினாலும் தொகை கூடாது, வேலைப் பரப்பு மாறியது என்று காட்டினால்தான் வழி.

கொந்தராத்துக்காரர் கேட்கும் கால நீட்டிப்பை ஆராய்வதும் இவன் பொறுப்புத்தான். 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தில் (ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வெளியிட்ட கட்டுமான ஒப்பந்த நிபந்தனைகள்), தாமதக் காரணம் தெரிந்த 28 நாளுக்குள் அறிவித்தல் வர வேண்டும். தவறினால் நாளும் இல்லை, பணமும் இல்லை. காணி கையளிக்கப் பிந்தினால் நாளோடு செலவும் கிடைக்கும். அசாதாரண மழைக்கு நாள் மட்டும். நம்மூரில் கார்த்திகை, மார்கழி மழை அசாதாரணமா? பல வருட மழைப் பதிவை எடுத்து ஒப்பிட்டால்தான் சொல்லலாம். அன்றைய மழை அளவு, நின்ற இயந்திரம், வந்த ஆட்கள் சைற் நாட்குறிப்பில் இல்லாவிட்டால் எந்த வாதமும் நிற்காது. அதனால் முதல் ஆறு மாதம் சைற்றில் நாட்குறிப்பு எழுதவிடும்படி அவனே கேட்கட்டும்.

எக்செல், பிரைமவேரா என்ற வேலைத் திட்டமிடல் மென்பொருள், குழப்பமில்லாத ஆங்கிலக் கடிதம்: இந்த மூன்றையும் இப்போதே பழகட்டும். கியூ.எஸ். (கட்டுமான அளவையும் செலவையும் கணக்கிடும் படிப்பு) படித்தவர்களோடு போட்டி இருக்கும். கட்டுமானம் தெரிந்த சிவில்காரனுக்கும் இடம் இருக்கிறது.

ஒன்றைமட்டும் நேர்முகத்தில் கேட்கச் சொல்லுங்கள்: அவனுடைய சம்பளமும் ஒப்பந்தத்தின் ஆள்-மாதக் கணக்குக்குள்தானா? அப்படியென்றால், நீட்டிப்பு பிந்தும் மாதத்தில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது புதிதாகச் சேர்ந்தவராகத்தான் இருக்கும். நியமனக் கடிதத்தில் திட்டத்தின் முடிவுத் திகதி போட்டிருக்கிறதா, அதற்குப் பிறகு வேறு வேலைக்கு மாற்றுவார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கட்டும்.