கடவுளின் காயங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு ஓர் ஆங்கிலச் சரித்திர நாவலைத் தமிழாக்கிவருகிறேன். கதை 1600-ஐ ஒட்டிய லண்டனில் நடக்கிறது. அதில் வரும் குடிகாரச் சிப்பாய் வாயைத் திறந்தாலே ‘ஜவுண்ட்ஸ்’, ‘ஸ்பிளட்’, ‘கேட்ஸூக்ஸ்’ என்கிறான். என்னிடமுள்ள அகராதியில் ‘வியப்புக் குறிப்பு’ என்று மட்டும் போட்டிருக்கிறது. எல்லா இடத்திலும் ‘சிவசிவா’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த தம்பி சிரிக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி சிரித்ததில் நியாயம் இருக்கிறது, அம்மா. ‘சிவசிவா’ என்றதும் உங்கள் சிப்பாய் திருநீறு பூசிக்கொண்டு பக்தனாகிவிடுகிறான். நம்மிடம் இறைவன் பெயர் எப்படி வாயில் வந்தாலும் புண்ணியம்தான். சாகும் தறுவாயில் மகனை ‘நாராயணா’ என்று கூப்பிட்டதற்கே அஜாமிளனுக்கு நற்கதி கிடைத்தது. உங்கள் கதை நடக்கும் ஊரில் கணக்கு தலைகீழ். இறைவன் பெயரை வீணாக எடுத்தால் பாவம். பத்துக் கட்டளைகளில் ஒன்றே அதைத் தடுக்கிறது. ஆகவே இந்தச் சொற்களைக் கூவுகிறவன் பக்தன் அல்லன், துணிந்து வரம்பு மீறுகிறவன்.

‘ஜவுண்ட்ஸ்’ என்பது ‘கடவுளின் காயங்கள்’ என்ற தொடரின் தேய்ந்த வடிவம். சிலுவையில் ஏசு பட்ட காயங்களின் மேல் இடும் ஆணை அது. ‘ஸ்பிளட்’ அவருடைய ரத்தம். ‘கேட்ஸூக்ஸ்’ பெரும்பாலும் ‘கடவுளின் கொக்கிகள்’, அதாவது சிலுவை ஆணிகள் என்று விளக்கப்படுகிறது. இப்படி உறுப்புச் சொல்லி ஆணையிடுகிறவர்கள் கிறிஸ்துவின் உடலை மறுபடி கிழிக்கிறார்கள் என்று இடைக்காலப் பிரசங்கிகள் கண்டித்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதையில் படைத்த பாவமன்னிப்பு விற்பவனும் இதையே சொல்லிக் குமுறுகிறான். அவனே பெரிய மோசடிக்காரன் என்பது வேறு விஷயம்.

‘கடவுள்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் உச்சரித்தால் பாவம் ஒட்டாது என்று ஒரு சமாதானம். பிற்காலத்து ‘காஷ்’, ‘கோலி’, ‘ஜீ’ எல்லாம் இதே தந்திரம்தான். முதல் இரண்டும் கடவுளை மறைக்கின்றன, மூன்றாவது ஏசுவை. நம் இலக்கணத்தின் இடக்கரடக்கலுக்குப் பக்கத்து வீடு. நாம் அவையில் கூசும் சொல்லை மறைக்கிறோம். அவர்கள் புனிதச் சொல்லை மறைத்தார்கள்.

உங்கள் கதையின் ஆண்டைச் சரியாகப் பாருங்கள். 1606இல், முதலாம் ஜேம்ஸ் ஆட்சியில், நாடக மேடையில் கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம் என்று சட்டம் வந்தது. 1622இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் வில்லன் இயாகோ பேசும் முதல் சொல்லே ‘ஸ்பிளட்’. அடுத்த ஆண்டு வந்த அவருடைய நாடகங்களின் பெருந்தொகுப்பில் அந்த வரி இருக்கிறது, அந்தச் சொல் மட்டும் இல்லை. உங்கள் நாவலில் நாடகக்காரர்கள் வந்தால் இதை மனத்தில் வையுங்கள்.

யார் ஆணையிடுகிறார் என்பதும் முக்கியம். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் ஹாட்ஸ்பர் என்ற பிரபு தன் மனைவியிடம், மிட்டாய்க்காரன் மனைவிபோல மென்மையாகச் சொல்லாதே, சீமாட்டிக்கு ஏற்றபடி வாய் நிறைய ஓர் ஆணையிடு என்கிறான். பிரபுக்களுக்கு இது கௌரவச் சின்னமாகவும் இருந்தது. 1745ஆம் ஆண்டுச் சட்டம் தகுதிக்கு ஏற்பவே அபராதம் வைத்தது: கூலிக்காரனுக்கும் சிப்பாய்க்கும் 1 ஷில்லிங், கனவானுக்கு 5. கனவான் வாய்க்குக் கொஞ்சம் விலை அதிகம்.

இனி உங்கள் வேலை. சிப்பாய் முதல் முறை சொல்லும்போது, அல்லது உண்மையிலேயே கொதிக்கும்போது, பொருளை முழுதாகக் கொடுங்கள்: ‘ஏசுவின் காயங்கள்மேல் ஆணை!’ நமக்கும் ‘கண்ணாணை’, ‘தலைமேல் ஆணை’ என்ற வழக்கு உண்டு, வாசகர் திகைக்கமாட்டார். வெறும் வாய்ப்பழக்கமாக வரும் இடங்களில் ‘சே’, ‘அட’ போதும். எல்லா இடத்திலும் காயங்களைக் கொண்டுவந்தால் பக்கமெல்லாம் ரத்தமாகிவிடும். ‘வாட் த டிக்கன்ஸ்’ வந்தால் ‘அட சனியனே’ எனக்குப் பிடித்த தீர்வு; அங்கே ‘டிக்கன்ஸ்’ சாத்தானின் செல்லப்பெயர். நாவலாசிரியர் டிக்கன்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே ஷேக்ஸ்பியர் அதை எழுதிவிட்டார்.

ஒரு பொறி இருக்கிறது. ‘மேரி, சர்’ (Marry, sir) என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் அது கல்யாணப் பேச்சு அல்ல. கன்னி மரியாளின் பெயர் தேய்ந்து ‘அட’, ‘ஆமாம்’ என்ற அளவுக்கு இறங்கியது அது. ‘திருமணம் செய்துகொள்ளுங்கள், ஐயா’ என்று நான் ஒரு காலத்தில் எழுதி, அச்சுக்குப் போகும் முன் தற்செயலாகக் கண்டுபிடித்தேன்.

‘குட்பை’யையும் கவனியுங்கள். அது ‘கடவுள் உம்மோடு இருப்பாராக’ என்பதன் சுருக்கம். அந்தக் காலத்தில் முழுத் தொடரும் இன்னும் வழக்கில் இருந்தது. சிப்பாய் கடைசி அத்தியாயத்தில் போருக்குப் புறப்படும்போது அதைச் சொன்னால், ‘போய்வருகிறேன்’ என்று எழுதாமல் ‘கடவுள் துணை’ என்று எழுதிப் பாருங்கள்.