மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயதுதான், மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறேன். மூத்ததைக் குழந்தை பிறக்கும்வரை அம்மா வீட்டில் விடலாமா?

விட வேண்டாம், தங்கச்சி. முடிந்தவரை உங்களோடேயே வைத்திருங்கள்.

யாழ்ப்பாணத்தில் மாமியோடு இருப்பதாகவும், வயிற்றில் நாலு மாதம் என்றும், கணவருக்குக் கொழும்பில் வேலை என்றும், “பெடியனைக் கொஞ்ச நாளைக்குக் கொம்மாவோட விடு பிள்ளை” என்று மாமி சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தை நானே ஊகித்துக்கொண்டேன். விடிய எழும்பினால் சத்தி, பின்னேரமானால் நாரி நோ. தூக்கு தூக்கு என்று பெடியன் காலைக் கட்டிக்கொண்டு நிற்பான். “இப்பதானே ஒண்டு பிறந்தது, அதுக்குள்ள அடுத்ததோ?” என்று யாரோ ஒரு ஆள் கேட்டிருப்பார். எனக்கும் இதெல்லாம் நடந்தது, அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அல்லது இரத்தம் படுகிறது, வயிறு இறுகுகிறது என்றால் என்னுடைய கதை உங்களுக்குப் பொருந்தாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பிள்ளையை யார் பார்ப்பது என்பதைப் பிறகு யோசிக்கலாம். அதே மாதிரி, வேறு வழியில்லாமல் பிள்ளையை அம்மா வீட்டில் விட்டவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. அந்தச் சண்டையோடு யாரும் இங்கே வர வேண்டாம்.

இரண்டாவது தங்கியபோது என் மகளுக்கும் இரண்டு வயது ஆகவில்லை. வருடம் 2022, நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த காலம். அந்த வருடம் எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காஸ் சிலிண்டர் இல்லை, விறகு அடுப்புத்தான். புகை மூக்கில் ஏறியதும் எனக்குக் குடலைப் பிரட்டும், பாதிச் சமையலில் கிணற்றடிக்கு ஓடுவேன். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டுப் போட்டார்கள். இரவில் காற்றாடி நின்றதும் மகள் வியர்த்துக் குளித்து எழும்பி அழுவாள். ஒரு கையால் பனையோலை விசிறி, மற்றக் கையால் நுளம்பு அடிப்பது, அப்படித்தான் எங்கள் இரவுகள் போயின. கணவருக்கு வவுனியாவில் வேலை. பெற்றோல் இல்லை, பஸ் வந்தால் வந்தது என்ற நிலைமை. அவரால் ஒவ்வொரு கிழமையும் வர முடியவில்லை. பால்மா விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பிய கடைகள் நிறைய.

இந்த நிலைமையில்தான் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், மகளை மீசாலையில் அம்மாவோடு விடச் சொல்லி. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவும் ஆசையாகக் கேட்டார். மாமி மட்டும் ஒரு காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தாய் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருக்கும்போது மூத்தது ஏங்கி மெலிந்துவிடும், அதனால் கண்ணில் படாமல் தூர இருக்கிறதுதான் நல்லது என்று.

நான் மாட்டேன் என்றேன். எத்தனையோ பிள்ளைகள் முன்பள்ளிக்கு வரும் முதல் நாளில் படலையைப் பிடித்துக்கொண்டு அழுவதை நான் பார்த்திருக்கிறேன். தாய் பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போவார் என்பது அந்தப் பிள்ளைக்கு விளங்க ஒரு கிழமையாவது எடுக்கும். அது மூன்று வயதுப் பிள்ளை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு “தம்பிப் பாப்பா பிறந்ததும் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவேன்” என்றால் என்ன விளங்கும்? அம்மாவைக் காணவில்லை என்பது மட்டும்தான் விளங்கும். மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பி வரும்போது அம்மாவின் மடியில் வேறொரு பிள்ளை இருக்கும். ஏக்கம் வரக்கூடாது என்று செய்கிற காரியம்தான் ஏக்கத்தை உண்டாக்கும் என்று மாமியிடம் மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் சில நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

சரி, சமாளித்தது எப்படி என்று கேட்பீர்கள்.

பெரிய பிரச்சினை தூக்குவதுதான். நின்றபடி குனிந்து தூக்கினால் நாரி பிடித்துக்கொள்ளும். அதனால் மகள் கையை நீட்டும்போதெல்லாம் நான் இருந்துவிடுவேன். விறாந்தைக் குந்தில், கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கல்லில், குசினியில் பலகைக்கட்டையில், எங்கே நின்றேனோ அங்கே. அவளாகவே மடியில் ஏறுவாள். முதலில் முழங்காலில் ஒரு காலை வைத்து, என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தொங்கி, பிறகு மற்றக் காலை இழுத்துப் போடுவாள். வயிறு பெருக்கப் பெருக்க மடியில் இடம் குறைந்தது. கடைசி மாதங்களில் பக்கவாட்டில் ஏறி, வயிற்றின் மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். ஏறி முடிந்ததும் அவளுக்குக் கொஞ்ச நேரம் போதும், பிறகு தானே இறங்கிக் கோழிக்குப் பின்னால் போய்விடுவாள். தூக்கச் சொல்வது நடக்கக் கள்ளத்தில் இல்லை, அம்மா கிட்ட வேண்டும் என்பதற்குத்தான். உங்கள் பெடியனும் அப்படித்தான் இருப்பான், செய்து பாருங்கள்.

அடுத்தது பால். அவள் அப்போதும் என்னிடம் குடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரியின் பால் கெட்ட பால், மூத்ததுக்கு வயிற்றோட்டம் வரும், வேப்பெண்ணெய் பூசி ஒரே நாளில் மறக்கப்பண்ணு என்றார்கள். எங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம், மிட்வைஃப் மிஸ் என்றுதான் நாங்கள் சொல்லுவோம், கேட்டேன். பெற்றோல் இல்லாத நாட்களிலும் சைக்கிள் மிதித்து வீடு வீடாக வந்த மனிசி அவர். இரத்தப்போக்கு, வயிற்று இறுக்கம் ஒன்றும் இல்லை, தாய் நன்றாகச் சாப்பிடுகிறார் என்றால் கொடுக்கலாம், பால் தானாகவே குறையும், சுவையும் மாறும், பிள்ளையே விட்டுவிடும் என்றார். அப்படியேதான் நடந்தது. வேப்பெண்ணெய்க்கு வேலை இருக்கவில்லை. நீங்களும் பால் கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் கிளினிக்கில் ஒரு தரம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் 24 மாதமாவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிட்டக் கிட்டப் பெறும்போது தாய்க்கு இரத்தம் குறைந்துபோகலாம். அது நல்ல அறிவுரை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கனவே தங்கிவிட்டது, இனி அந்த இரத்தத்தைத் தேடுவதுதான் வேலை. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் நன்றாகச் சேரும். கல்சியக் குளிசையை வேறு நேரத்துக்கு வையுங்கள். முருங்கையிலை, நெத்தலி, முட்டை, பயறு, இவை எல்லாம் எங்கள் ஊரில் கிடைக்கிற சாமான்கள்தானே. கிளினிக்கில் தருகிற சத்துமா, திரிபோஷா, கிடைத்தால் அதை நீங்கள் சாப்பிடுங்கள். 2022இல் அது ஒழுங்காகக் கிடைக்கவில்லை, கிடைத்த பைக்கற்றையும் தேங்காய்ப்பூ, சீனி போட்டு உருண்டை பிடித்தால் வீடு முழுக்கக் கை நீட்டும். மகளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மிச்சத்தை நான் ஒளித்து வைத்தேன். ஒளித்தது சரியா என்று யாராவது கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். அது கர்ப்பிணித் தாய்க்கு என்று தருகிற மா.

ஊர்வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் நொந்தது அங்கேதான். கனடாவில் இருந்து மச்சாள் வட்ஸ்அப்பில் எடுத்து, “ஏன் இப்ப அவசரப்பட்டனீங்கள், நாடு கிடக்கிற கிடையில?” என்றார். அதே கிழமை கோயிலில் ஒரு ஐயா, எனக்குத் தூரத்துச் சொந்தம், “நல்லது பிள்ளை, இன்னும் ரண்டு பெறு, எங்கட சனம் குறைஞ்சுகொண்டு போகுது” என்றார். ஒருவருக்கு என் பிள்ளை கூடிப்போச்சு, மற்றவருக்குக் காணாது.

அந்த ஐயா சொன்னது பொய்யில்லை. 2010 தேர்தலில் யாழ் தேர்தல் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 9 ஆசனம் இருந்தது, 2015இல் 7 ஆனது, 2024இல் 6 ஆகிவிட்டது. வாக்காளர் தொகையைப் பார்த்துத்தான் ஆசனம் பிரிக்கிறார்கள், சனம் வெளிக்கிட்டுப் போய்விட்டது, குறையத்தான் செய்யும். ஆனால் அந்தக் கணக்கைச் சரிக்கட்டுவது என் வயிற்றின் வேலையா? மேடையில் ஏறிப் பெறச் சொல்பவர்கள், பெற்ற தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையை எங்கே விடுவாள் என்று ஒரு வார்த்தை கதைக்கிறார்களா? ஏழு மாத வயிற்றோடு, கையில் மகளோடு, பின்னேர பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். இருந்த இளம் பெடியள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழும்பி இடம் தந்தது மீன் கூடை வைத்திருந்த ஒரு வயதான அம்மா.

இன்னொன்று, இது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அரசாங்க வேலை பார்க்கும் பெண்ணுக்கு 84 நாள் சம்பளத்தோடு பிரசவ லீவு. கடை, அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதி நாள்தான், 2018இல் சட்டத்தைத் திருத்தி எந்தப் பிள்ளைக்கும் 84 நாள் என்று ஆக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் நான் படிப்பித்த முன்பள்ளியில் எனக்கு அதில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. ஆசிரியை என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள், கொடுப்பனவு என்று கையில் தருவது ஒரு கிழமைச் சாமானுக்குக் காணாது. வராத நாளுக்கு அதுவும் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மூக்குத் துடைத்து, அ ஆ சொல்லிக்கொடுத்து வளர்க்கிற எங்களுக்கு, எங்கள் பிள்ளையைப் பெற்று எடுக்கச் சம்பளத்தோடு லீவு இல்லை. இதை எங்கே சொன்னாலும் “நீங்கள் சேவைதானே செய்கிறீர்கள்” என்கிறார்கள். இரண்டாவது பிறந்து கொஞ்ச நாளிலேயே நான் திரும்பப் போக வேண்டி வந்தது. அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு உதவியே தேவைப்படவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி மாதம் ஆளில்லாமல் முடியாது. நான் மகளை அம்மாவிடம் அனுப்பாமல், அம்மாவை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். மகளுக்குத் தன் பாய், தன் கோப்பை, தன் கோழி எல்லாம் அப்படியே இருந்தன, அம்மம்மா வந்தது மேலதிகம். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவள் இரவில் கொஞ்சம் அழுதாளாம், ஆனால் பகலில் சாப்பிட்டாள், விளையாடினாள். ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டி வரும் நேரத்தில் பிள்ளையை நான் கையில் வைத்திருக்கவில்லை, கட்டிலில் கிடத்திவிட்டு இரண்டு கையையும் அவளுக்கு நீட்டினேன். இது மிட்வைஃப் மிஸ் சொல்லித்தந்தது. மகள் தம்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் புறங்கையில் ஊசி குத்தியிருந்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை விரலால் தொட்டுப் பார்த்து, “அம்மாக்கு உவ்வா” என்றாள். தம்பியைப் பார்த்தது பிறகுதான்.

31 நாள் துடக்கு, சரக்குக்கறி, சுறா வறை எல்லாம் வழக்கப்படி நடந்தது. அம்மா எனக்குப் பத்தியம் வைக்கும்போது மகளுக்கும் அந்தத் தட்டில் ஒரு பிடி சோறு கிடைத்தது. பொறாமை வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏணையில் தம்பி கிடந்தால் தானும் ஏற வேண்டும் என்பாள், ஏற்றி இரண்டு ஆட்டு ஆட்டி இறக்குவோம். சிறுநீர் போகச் சொல்லப் பழகியிருந்தவள் திரும்பவும் நனைத்தாள். சில மாதத்தில் அதுவும் போனது. “நீ இப்ப பெரிய பிள்ளை” என்று வீட்டில் யாரையும் சொல்ல விடவில்லை, அவள் அப்போது பெரிய பிள்ளை இல்லையே.

மாமியிடம் இதை நீங்களே சொல்லத் தயங்கினால் கணவரைக் கொண்டு சொல்லுங்கள். போனில் வேண்டாம், கொழும்பில் இருந்து வரும்போது நேரில், நீங்களும் பக்கத்தில் இருக்கத்தக்கதாக. அம்மா எப்போது வருவார், எத்தனை நாள் நிற்பார் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். மாமியின் வீட்டுக்குச் சம்பந்தி வந்து நிற்பதென்றால் மாமி வாயால் அழைப்பதுதான் மரியாதை, அவரையே எடுத்துக் கூப்பிடச் சொல்லுங்கள்.