இங்கிதம், நாசூக்கு, விவஸ்தை: மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. கதையில் பிறரிடம் நடந்துகொள்ளத் தெரியாத ஒருவரைக் காட்டும்போது, அவரிடம் எது குறைகிறது என்று பார்த்துச் சொல்லைப் போட வேண்டும்.

இங்கிதம் வடமொழியிலிருந்து வந்தது. உள்ளத்தில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் குறிப்பு, சாடை என்று பொருள். அதனால் எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் படிக்காதவர்தான் இங்கிதம் தெரியாதவர். வீட்டுக்காரர் வெளியே கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். வந்தவரோ அடுத்த கதையைத் தொடங்குகிறார். பேச்சில் குற்றமில்லை, பேசிய நேரம்தான் குற்றம். திருக்குறளில் 71, 110 என இரண்டு அதிகாரங்களுக்கு ‘குறிப்பறிதல்’ என்றே பெயர். ஒன்று பொருட்பாலில், மற்றது காமத்துப்பாலில். அரசவைக்கும் காதலுக்கும் இந்தத் திறமை அவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது.

நாசூக்கு பாரசீக வேர் கொண்டது. மென்மை என்று பொருள். இது செய்கிற விதத்தைப் பற்றியது. கடன் தர மறுப்பது சரியான முடிவாகவே இருக்கலாம். நாலு பேர் முன்னால் ‘உனக்கெல்லாம் தர முடியாது’ என்றால் அங்கே நாசூக்கு இல்லை. முகத்தில் அடித்தாற்போல் சொல்வது என்பதும் இதைத்தான்.

விவஸ்தை என்றால் ஒழுங்கு, வரையறை. இழவு வீட்டில் பிணத்தை எடுக்கும் முன்பே பாகப்பிரிவினை பேசுபவருக்கு அது கிடையாது. மூன்றில் இதுதான் கடுமையானது. ‘விவஸ்தை கெட்டவன்’ என்பது வசை. கதையில் மருமகள் மாமனாரிடம் நேரே இப்படிச் சொன்னால் அந்த வீட்டில் பெரிய சண்டை வந்தாக வேண்டும். ‘மாமாவுக்குக் கொஞ்சம் இங்கிதம் தெரியலை’ என்று கணவனிடம் முணுமுணுப்பதுதான் இயல்பு. தெற்கே ‘கூறுகெட்டவன்’ என்பார்கள். அதில் புத்தி குறைவு என்ற ஏச்சும் சேர்ந்துவிடும்.

அதிகப்பிரசங்கி என்பது பெரும்பாலும் பெரியவர்கள் சின்னவர்களைச் சொல்வது. வயதில் மூத்தவருக்குப் போட்டால் ஒட்டாது. கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவன் முந்திரிக்கொட்டை. பழத்துக்கு வெளியே துருத்தி நிற்கும் கொட்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

காபியைத் தட்டிவிடுகிறவருக்கு இவற்றில் எதையும் போடாதீர்கள். அவருக்குக் குறைவது நிதானம். தட்டிவிட்டு, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சிரிக்கிறாரே, அதற்குத்தான் ‘அசடு வழிகிறார்’ என்று பெயர்.