வேளாண் கேள்வி–பதில்: ஒரே வாழையை நம்பி நடலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, மொரீசியஸின் வடக்கே குட்லாண்ட்ஸ் அருகில் எனக்குள்ள ஓர் ஆர்பான் (ஏறத்தாழ ஓர் ஏக்கர்) கரும்பு நிலத்தில் பாதியை இந்த ஆண்டு வாழைக்கு ஒதுக்கியிருக்கிறேன். என் தந்தையார் வைத்த ஜிஞ்ஜெலி வாழை ஓரமாக இன்னும் நிற்கிறது. நெட்டையாக வளர்கிறது, தாரும் சிறியது. அதைத் தோண்டி எறிந்துவிட்டு முழுவதும் வில்லியம்ஸ் திசு வளர்ப்புக் கன்றுகளை நடுவதே லாபம் என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். தங்கள் ஆலோசனை என்ன?

பதில்: வில்லியம்ஸ் நடுவதை நான் தடுக்கமாட்டேன், ஜிஞ்ஜெலியைத் தோண்டி எறிவதைத்தான் தடுப்பேன். தந்தையார் வைத்தது என்பதற்காக அல்ல, உங்கள் வருமானத்தின் பாதுகாப்புக்காக.

வில்லியம்ஸ், கேவண்டிஷ் என்ற வாழைக் குழுவைச் சேர்ந்த ஒரு வகை. தார் பெரியது, சீப்புகள் சீராக அமையும், ஒரே வயதுத் திசு வளர்ப்புக் கன்றுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூத்து ஒரே காலத்தில் வெட்டுக்கு வருவதால் மொத்த வியாபாரிக்கும் வசதி. ஆனால் அந்தச் சீர்மையே நம் தீவில் ஆபத்தாகவும் முடியும். நவம்பரில் தொடங்கி மே மாத நடுப்பகுதி வரை புயல் பருவம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்துபோனதை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். தார் தள்ளித் தலை கனத்து நிற்கும் வாழைதான் காற்றுக்கு முதலில் சாயும். தோட்டம் முழுவதும் ஒரே வயதில் தாருடன் நிற்கும் வாரத்தில் புயல் வந்தால் அந்த ஆண்டு வரவே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கன்றாகவும், இளமரமாகவும், தாருடனும் கலந்து நிற்கும் தோட்டத்தில் சாய்ந்தவற்றை வெட்டிவிட்டு மீதியைக் கொண்டு தொடரலாம். குள்ளமான பெத்தித் நேன் வகை காற்றைச் சற்று அதிகமாகவே தாங்குவதால், காற்று நேரே அடிக்கும் பக்கத்தில் அதை இரண்டு வரிசை வையுங்கள்.

நோய் பற்றிய கவலை இதைவிடப் பெரிது. நாம் உண்ணும் வாழையில் விதை இல்லை. தாய்க்கிழங்கின் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டோ, ஆய்வுக்கூடத்தில் அதன் திசுவை வளர்த்தோதான் பெருக்குகிறோம். ஆகவே ஒரு வகையைச் சேர்ந்த எல்லா மரங்களும் ஏறத்தாழ ஒரே மரத்தின் நகல்கள்; ஒன்றை வீழ்த்தும் நோய் மற்ற எல்லாவற்றையும் வீழ்த்தும். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் உலக ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் வாழை, மண்ணில் வாழும் ஃபியூசேரியம் பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோயால் மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் அழிந்தது. அந்தப் பூஞ்சையின் முதல் இனத்தைக் கேவண்டிஷ் தாங்கியதால், 1960-களுக்குள் வணிகம் முழுவதும் அதற்கு மாறியது. ஆனால் பாடம் கற்று மாறியவர்கள் மறுபடியும் ஒரே வகையையே ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள்! இப்போது வெப்பமண்டல நான்காம் இனம் என்ற புதிய வடிவம் கேவண்டிஷையே வாடச் செய்கிறது. 2013-இல் அது மொசாம்பிக்கில் இருப்பது தெரியவந்தது. 2019-இல் மயோட் தீவில் கண்டறியப்பட்டது. இரண்டும் நம் கடல் பக்கத்து நிலங்கள்தாம். இந்தப் பூஞ்சை புகுந்த மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அதை ஒழிக்கும் மருந்து எதுவும் இல்லை.

இதனால், வகைகளைக் கலந்து நட்டால் நோயே வராது என்று எண்ணிவிட வேண்டாம். நான்காம் இனம் கேவண்டிஷ் தவிர வேறு பல வகைகளையும் தாக்கும். கேவண்டிஷ் தாங்கும் முதல் இனமோ நம் நாட்டுப்புற வகைகள் சிலவற்றை எளிதில் வீழ்த்தும். எந்த நோய் எந்த வாழையைக் கொல்லும் என்பது வகைக்கு வகை மாறுவதால்தான், ஒன்று போனாலும் மற்றொன்று நிற்க இடம் விட வேண்டும் என்கிறேன். உகாண்டாவின் சிறு விவசாயிகள் சமைப்பதற்கு ஒன்று, சாறு பிழிய ஒன்று, பழமாகத் தின்ன ஒன்று என ஒரே தோட்டத்தில் பல வகைகளை வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான்.

ஒதுக்கிய நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வில்லியம்ஸை நடுங்கள். அதையும் ஒரே நாளில் நடாமல் இரண்டு மூன்று மாத இடைவெளியில் பகுதி பகுதியாக நடுங்கள். மீதியில் பெத்தித் நேனும் ஜிஞ்ஜெலியும் இருக்கட்டும். ஜிஞ்ஜெலியின் தார் சிறிதுதான். ஆனால் அதன் சுவைக்காகத் தேடி வாங்குவோர் சந்தையில் இருக்கிறார்கள். எடைக்கு விற்கும் மொத்த வியாபாரியிடம் அதைக் கொண்டுபோனால் நஷ்டம். சீப்பு சீப்பாக நேரே விற்றால் கட்டுபடியாகும்.

கேள்வி: ஐயா, அடுத்த மாதம் குடும்பத்தோடு தமிழ்நாடு செல்கிறோம். ரஸ்தாளி, நேந்திரன், பழனிப் பக்கத்து விருப்பாச்சி ஆகியவற்றின் கன்றுகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஃபிளாக்கில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா? நீங்கள்தானே பல வகைகள் வேண்டும் என்கிறீர்கள்?

பதில்: வேண்டாம், அம்மா. அனுமதியின்றிக் கன்று கொண்டுவருவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, உங்கள் பெட்டியில் வருவது கன்று மட்டுமாக இராது. கிழங்கில் ஒட்டிய மண்ணில் வாடல் பூஞ்சையும், கிழங்கினுள் கூன்வண்டின் முட்டையும், குருத்தில் முடிக்கொத்து நோயின் நச்சுயிரியும் வெளிக்குத் தெரியாமலே வரலாம். கேவண்டிஷைத் தாக்கும் நான்காம் இனம் இந்தியாவின் பீகாரிலும் பதிவாகியுள்ளது. நீங்கள் விரும்பும் ரஸ்தாளியோ பூஞ்சையின் பழைய இனத்துக்கே எளிதில் இரையாவது.

விருப்பாச்சியின் வரலாற்றையே பாருங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு மணம் தரும் அந்த மலைவாழை, அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோயால் பழனி மலைத் தோட்டங்களில் ஏறத்தாழ அழிவின் விளிம்புக்கே போய்விட்டது. நோய்பட்ட மரத்தில் குருத்திலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும்; காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரியும்; தார் தள்ளாது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கன்று கொடுத்து வாங்கிய வழக்கமே நோய்க்கும் வழியாயிற்று. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் நச்சுயிரி நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளைத் தந்த பிறகே அங்கு மீட்சி தொடங்கியது.

முறையான வழி இருக்கிறது, நாளாகும் என்பதுதான் குறை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் இயங்கும் பன்னாட்டு வாழை மூலவளக் காப்பகம் 1,500-க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்ணாடிக் குழாய்களில் காத்து, நோய்ச் சோதனை செய்து, உலகெங்கும் உள்ள ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் விவசாயிகளுக்கும் அனுப்புகிறது. நம் நாட்டில் ரெதுயியில் உள்ள பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தின் இறக்குமதி அனுமதி அதற்கும் தேவை. தனி ஒருவராகக் கேட்பதைவிட உங்கள் வட்டாரத்து விவசாயிகள் சேர்ந்து, ஃபாரே எனப்படும் வேளாண் ஆராய்ச்சி–விரிவாக்க நிறுவனத்தின் அலுவலர் வழியாகக் கேட்பது நடைமுறைக்கு உகந்தது.

ஃபிளாக்கிலேயே அண்டை அயலார் தோட்டங்களில் பழைய வகைகள் இருக்கும். அவற்றை முதலில் தேடுங்கள். கன்று வாங்குமுன் தாய் மரத்தை மட்டுமன்றி அந்தத் தோட்டம் முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அடி இலைகள் விளிம்பிலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கும் மரம் ஒன்று இருந்தாலும் அங்கே எதையும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட தண்டைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். தோட்டம் சுத்தமாக இருந்தால், அகன்ற இலையுள்ள நீர்க்கன்றை விடுத்து, வாள்போல் குறுகிய இலையுள்ள ஈட்டிக்கன்றாக எடுங்கள். வேரையும் கிழங்கின் மேல்தோலையும் வெள்ளை தெரியும்வரை சீவி, 52 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சுமார் 20 நிமிடம் அமிழ்த்தி எடுத்து நட்டால், கூன்வண்டின் முட்டைகளும் நூற்புழுக்களும் பெரும்பாலும் ஒழியும். வாடல் பூஞ்சையும் நச்சுயிரியும் இதற்கு அசையமாட்டா. ஆகையால்தான் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறேன். திரும்பியதும் மண்வெட்டியையும் காலணியையும் மண் போகக் கழுவுங்கள்.

கேள்வி: சென்னையில் பச்சைப் பழத்தை ‘மோரிஸ்’ என்று விற்கிறார்கள். நம் மொரீசியஸிலிருந்தா அங்கு போனது? — ரோஸ் ஹில் வாசகர்

பதில்: பெயர் நம் தீவின் பெயரே, ஆனால் அந்த வாழையின் பூர்வீகம் தென் சீனம். 1826-இல் அங்கிருந்து இங்கு வந்தது. இங்கே பெல் ஓம்பிர் கரும்புத் தோட்டத்தை நடத்திய தாவர ஆர்வலர் சார்லஸ் டெல்ஃபேர் 1829-இல் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகைக் கண்ணாடிக் குடிலில் ஜோசப் பாக்ஸ்டன் அதை வளர்க்க, 1835-இல் பூத்தது. பிரபுவின் குடும்பப் பெயரான கேவண்டிஷ் வாழைக்கும் ஆயிற்று. பின்னர் மத போதகர்கள் வழியாகப் பசிபிக் தீவுகளுக்கும் பரவியது. கன்றுகளை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றிருந்த காலம் அது. மேலே ஃபிளாக் வாசகியின் கேள்விக்குச் சொன்னவற்றைப் படித்துவிட்டு டெல்ஃபேரைப் பின்பற்ற எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: தைப்பூசக் காவடியின்போது ஏழு கறி விருந்துக்கு இலை கேட்டு அக்கம்பக்கத்தார் வருகிறார்கள். ஒரு மரத்தில் எத்தனை இலை அறுக்கலாம்?

பதில்: பூக்கும் மரத்தில் குறைந்தது எட்டு நல்ல இலைகளாவது இருக்க வேண்டும், அதற்கு மேல் உள்ளவற்றை அறுக்கலாம். தார் தள்ளிய மரத்தை முடிந்தவரை தொடாதீர்கள். காய் பருப்பது அந்த இலைகளால்தான். வெட்டி முடித்த மரத்திலும், எப்படியும் கழிக்க வேண்டிய உபரிப் பக்கக்கன்றுகளிலும் உள்ள இலைகளைத் தாராளமாகக் கொடுங்கள். அறுப்பவர் கத்தியை மரத்துக்கு மரம் துடைக்கட்டும்.